பாஸ் மீனுக்கு எந்த ரீல்? இரண்டையும் ஆறு வருடம் பயன்படுத்திய அனுபவம்

முதல் வருடம் முழுக்க ஸ்பின்னிங் ரீல்தான் (ரீல் என்றால் தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி). அதற்கடுத்த வருடம் இன்னொரு வகை ரீலான பெய்ட்காஸ்டர் வாங்கினேன். இப்போது இரண்டும் எப்போதும் கூடவே வரும். எதைக் கையில் எடுப்பது என்பதை லூரின் (செயற்கை இரையின்) எடையை வைத்தே முடிவு செய்கிறேன். 7 கிராமுக்குக் கீழே ஸ்பின்னிங், 10 கிராமுக்கு மேலே பெய்ட்காஸ்டர். இடைப்பட்ட எடைக்கு, தண்ணீரில் பாசியும் விழுந்த மரமும் எவ்வளவு என்று பார்ப்பேன்.

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அசையாமல் நிற்கும், நரம்பு மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். அதனால் சின்ன லூர்கூடத் தூரம் போகும். பெய்ட்காஸ்டரில் லூர்தான் ஸ்பூலையே சுழற்ற வேண்டும். லேசான லூருக்கு அந்த வலு கிடையாது.

பெய்ட்காஸ்டரில் லூரின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் இது என்னை ரொம்பவே சோர்வாக்கியது. லூர் மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்கு ஸ்பூலின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் திருகை இறுக்கிக்கொண்டேன். பிரேக்கைக் கூட்டி வைத்தேன். லூர் தண்ணீரைத் தொடும் முன்பே கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தப் பழகினேன். சிக்கு பெருமளவு நின்றது. லூரை மாற்றினால் திருகையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், இதை மறக்காதீர்கள். எதிர்க்காற்று என்றால் பிரேக் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. கட்டைவிரல் பழகிவிட்டால் மரக்கட்டைக்கு ஒரு சாண் பக்கத்தில் லூரை நிறுத்தலாம். அடர்ந்த பாசிக்கு மேல் தவளை லூர் போடும்போது 50 பவுண்டு பின்னல் நரம்பும் பெய்ட்காஸ்டரும்தான் எனக்குச் சரி. பாசிக்குள் புகுந்த பாஸை உடனே இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும், தயங்கினால் போய்விடும்.

கியர் விகிதத்தில் (கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் எத்தனை முறை சுற்றும் என்பது) ஒரு தவறு செய்தேன். 8:1 ரீலில் ஆழத்துக்குப் போகும் கிராங்க்பெய்ட் வகை லூரை இழுத்துக் கை வலித்தது. அதற்கு 5:1 பக்கம்தான் நல்லது.

ஸ்பின்னிங்கில் என் குறை நரம்பு முறுக்கிக்கொள்வது. கைப்பிடியைச் சுற்றி பெயிலை (நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் கம்பி வளையத்தை) மூடாமல் கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்துவிட்டால் வெகுவாகக் குறையும். அப்புறம், 10 பவுண்டு பின்னல் நரம்பின் முனையில் ஓர் ஆள் உயரத்துக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு கட்டுகிறேன். தெளிந்த நீரில் டிராப் ஷாட்டுக்கு (எடை நுனியிலும் கொக்கி அதற்கு மேலேயும் கட்டும் முறை) இந்த அமைப்பை நான் வேறு எதற்கும் மாற்ற மாட்டேன்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2500 என்ற அளவு எண் கொண்ட ஸ்பின்னிங் வாங்குங்கள். உங்கள் நீர்நிலை முழுக்கப் பாசி என்றால் மட்டும் முதல் நாளிலிருந்தே பெய்ட்காஸ்டர்.