தட்சிணசித்ரா: வீடுகளைப் பார்க்கவே ஒரு நாள் ஒதுக்குங்கள்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உருவாக்கி, 1996இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில், தென்மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கிப் பிரித்து, தூணும் கதவும் ஓடுமாகக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். இங்கே வருகிறவர்களில் பலர் கைவினைக் கடைகளில் நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். வீடுகளுக்குள் நிதானமாக நடந்தால், குடும்பம் என்பதை ஒவ்வொரு சமூகமும் எப்படி வகுத்துக்கொண்டது என்பது சுவர்களிலேயே தெரியும்.

அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் செட்டிநாட்டு வீடு. தேக்குத் தூண்களும் செதுக்கு வேலை நிறைந்த நிலைக்கதவும் பர்மா வரை சென்று பொருளீட்டியவர்களின் செல்வத்தைச் சொல்கின்றன. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வழக்கப்படி மணமான மகனுக்குப் பெற்றோர் வீட்டிலேயே தனி அறை உண்டு. சில காலம் கழித்து அவனை ‘வேறு வைத்து’விடுவார்கள். அதன்பின் அடுப்பு தனி, கணக்குத் தனி. கோயிலிலோ மணமானபோதே அவன் ஒரு தனிப் ‘புள்ளி’, அதாவது தனிக் குடும்பம். ஆனால் கூரையும் முற்றமும் எல்லோருக்கும் பொது. கூட்டுக் குடும்பம் என்றாலே ஒரே உலை என்று எண்ணுகிறவர்கள் இதை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் தறிக்குத்தான் முதல் மரியாதை. நெய்பவர் குழிக்குள் காலை இறக்கி உட்கார, பாவு எனும் நீளவாக்கு நூலுக்கு இடம் விட்டது போக மிஞ்சியதில்தான் சமையலும் உறக்கமும். அங்கே தொழிற்கூடம் வேறு, வீடு வேறு என்ற பிரிவே இல்லை.

கேரளப் பகுதியில் திருவனந்தபுரத்து நாயர் வீட்டைப் பார்க்கும்போது மருமக்கத்தாயத்தை நினைவில் வையுங்கள். சொத்து தாய்வழியில் இறங்கிய அந்த முறையில், பெண் தான் பிறந்த தறவாடு என்னும் தாய்வழிக் குடும்ப வீட்டிலேயே வாழ்ந்தாள், கணவன்தான் வந்துபோகிறவன். கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. புகுந்த வீடு என்பதே பெண்ணின் வீடு என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த ஒரு வீட்டைப் பார்ப்பதற்காகவே மீண்டும் போகலாம் என்று தோன்றுகிறது.

அக்கிரகார வீட்டின் திண்ணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழிப்போக்கர் இளைப்பாறிய இடம் என்று அதை எல்லோரும் புகழ்கிறோம். ஆனால் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவர்களும் ஊரில் இருந்தார்கள். திண்ணை, கூடம், அடுக்களை, பூசையறை என்று உள்ளே போகப்போக அனுமதி சுருங்கிக்கொண்டே வந்தது. சாதியும் தீட்டும் அந்த வரைபடத்தை வகுத்தன. குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள், அழகைக் காட்டுவதோடு நிறுத்தாமல் இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெயில் ஏறுமுன் போய், தமிழ்நாட்டு வீடுகளை முதலில் பார்த்துவிடுவது நல்லது. பழைய வீட்டில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் உடன் வந்தால், எந்த அறையில் யார் படுத்தார்கள், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் எங்கே ஒதுங்கியிருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நடக்கலாம்.