யூடியூப் எதைக் காட்டியது? கூகுள் டேக்அவுட்டில் பார்த்தேன்

ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங், யூடியூபில் எவ்வளவு நேரம் போனது என்று நிமிடக் கணக்கில் சொல்லிவிடும். அந்த நேரத்தில் கண்ணில் பட்டது கோலமா, கொலைக் கேஸா என்பது அதற்குத் தெரியாது. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. சர்க்கரை மாத்திரையெல்லாம் எதற்கு என்று என் மாமியார் திடீரெனக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

கூகுள் நம்மைப் பற்றிச் சேர்த்து வைத்திருப்பதை இறக்கிக்கொள்ள உதவும் சேவைதான் டேக்அவுட். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அவர் கணக்கில் அதைத் திறந்தேன். நுழைந்ததும் ஜிமெயில், போட்டோஸ் என்று எல்லாவற்றிலும் டிக் போட்டிருக்கும். முதலில் அத்தனையையும் எடுத்துவிட்டு யூடியூபை மட்டும், அதிலும் ஹிஸ்டரியை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பேரன் பிறந்தநாள் வீடியோ வரைக்கும் ஜிபி கணக்கில் வந்து இறங்கும். ஃபைல் தயாரானதும் மெயிலில் லிங்க் வரும்.

தலைப்பு, சேனல், தேதி, நேரம் என்று வரிசையாக இருக்கிறது. ஒரு மதியத்தை மட்டும் எடுத்துப் படித்தேன். ஏதோ ஊர்க் கோயில் கும்பாபிஷேகம். அப்புறம் மூட்டுவலிக்கு எருக்கிலை. சற்று நேரத்தில் வெந்தயத் தண்ணீர். அடுத்து, சர்க்கரைக்கு மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர். “அதுவா வருதும்மா, நான் எங்க தேடினேன்?” என்றார் அத்தை. தேடியவற்றுக்குத் தனி ஃபைல் உண்டு; திறந்தால் பலகாரமும் ராசிபலனும்தான். அவர் சொன்னது சரி. ஃபயர்பாக்ஸ் பிரௌசரை உருவாக்கும் மொசில்லா 2021-இல் வெளியிட்ட ஆய்விலும், ‘ஏன்தான் பார்த்தோமோ’ என்று தன்னார்வலர்கள் புகார் செய்த வீடியோக்களில் 71 சதவீதம் யூடியூபே பரிந்துரைத்தவை.

குறை என்றால், முழுசாகப் பார்த்தாரா, மூன்று நொடியில் தள்ளிவிட்டாரா என்பது இதில் இல்லை. தொடாமல் விட்ட தம்ப்நெயில்களும் இல்லை. ‘மாத்திரை விஷம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்க வீடியோவைத் திறக்கவா வேண்டும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்க்ரீனோமிக்ஸ் ஆய்வில் 5 நொடிக்கு ஒருமுறை திரையையே படம் பிடித்தார்கள். வீட்டு மனுஷியை அந்த அளவுக்கு வேவு பார்க்க எனக்கு மனசில்லை. ஹிஸ்டரியை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தால் அந்த நாட்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் வந்து குவிவதும் இதில் சேராது.

காசு கிடையாது. படிக்க மட்டும் என்றால், பிரௌசரில் திறக்கும் ஹெச்டிஎம்எல் ஃபைல் போதும். எண்ணிக் கூட்டிப் பார்க்கிறவர்கள், புரோகிராம்கள் எளிதில் படிக்கும் ஜேசன் (JSON) ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம். தேடிப் போனதா, தானாக வந்ததா என்று வரிக்கு வரி ஒரு வார்த்தை இருந்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை.