விர்ட்-ஐஓ டிரைவர்: நேரடி முகவரியா, மொழிபெயர்த்த முகவரியா?

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்தான் கெஸ்ட்; அதை ஓட்டும் நிஜக் கம்ப்யூட்டர் ஹோஸ்ட். கெஸ்ட் மெஷினுக்குள் இருக்கும் விர்ட்-ஐஓ டிரைவர் (மெய்நிகர் டிஸ்க், நெட்வொர்க் போன்றவற்றை இயக்கும் டிரைவர்), ஹோஸ்ட்டிடம் டேட்டா கொடுக்க வரிசையில் ஒரு 16 பைட் குறிப்பை எழுதுகிறது. அதில் முதல் 8 பைட்டும் மெமரி முகவரி. அது எந்த முகவரி என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

பழைய வழியில் அது கெஸ்ட்டின் பிசிக்கல் முகவரியேதான். ஹோஸ்ட்டில் கெஸ்ட்டை ஓட்டும் மென்பொருளான கியூஎம்யூ அதைத் தன் முகவரியாக மாற்றி நேராகப் படித்துவிடும். வேகம் அதிகம், வேலை குறைவு. ஆனால் ஹோஸ்ட்டுக்குக் கெஸ்ட்டின் மெமரி முழுவதும் திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது வழிக்கு, விர்ட்-ஐஓ வசதிகளைக் குறிக்கும் பிட்களில் 33-ஆம் பிட்டை டிரைவர், டிவைஸ் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் லினக்ஸ் டிரைவர் டிஎம்ஏ ஏபிஐ (டிவைஸ் பயன்படுத்தும் முகவரியைத் தரும் கெர்னல் வசதி) வழியாகத்தான் முகவரி வாங்கும். டிவைஸின் முகவரியை மொழிபெயர்க்கும் ஐஓஎம்எம்யூ இருந்தால், மேப் செய்த பக்கங்களை மட்டுமே டிவைஸ் தொட முடியும். இதற்கு விலை உண்டு: விஹோஸ்ட் (கியூஎம்யூவுக்குப் பதிலாக டேட்டாவைக் கையாளும் ஹோஸ்ட் பகுதி) தன் ஐஓடிஎல்பி-யில், அதாவது மொழிபெயர்ப்புகளைச் சேமித்து வைக்கும் கேஷில், முகவரி இல்லாதபோதெல்லாம் கியூஎம்யூவிடம் கேட்டு நிற்க வேண்டும்.

ஏஎம்டி எஸ்இவி போல மெமரியையே என்கிரிப்ட் செய்யும் கெஸ்ட்டில் பழைய வழி ஓடவே ஓடாது. ஹோஸ்ட் படித்தால் கிடைப்பது குப்பைதான். அங்கே ஒவ்வொரு பாக்கெட்டும் என்கிரிப்ட் ஆகாத பொதுப் பகுதிக்குக் காப்பி ஆகிப் போய்வரும். அந்தப் பகுதியில் ஹோஸ்ட் எதையும் மாற்றி எழுதலாம். அதனால் திரும்பி வரும் நீளத்தை டிரைவர் சரிபார்த்தே ஆகவேண்டும். இதை விட்டுவிடுவது பெரிய ஆபத்து.

சொந்த லேப்டாப்பில் சோதனை மெஷினுக்கு முதல் வழி போதும். அடுத்தவர் ஹோஸ்ட்டில் ஓடுவதற்கு நான் இரண்டாவதையே எடுப்பேன்.