மாமரத் தத்துப்பூச்சி: மூன்றில் எது உங்கள் தோப்பில்?

தை மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் பூத்த மாங்கிளையைத் தட்டினால் சடசடவென்று பறப்பவை எல்லாம் ஒரே பூச்சி அல்ல. அம்ரிடோடஸ் அட்கின்சோனி, இடியோஸ்கோபஸ் கிளைபியாலிஸ், இடியோஸ்கோபஸ் நிவியோஸ்பார்சஸ் என்று மூன்று இனங்கள் கலந்திருக்கும். குளிர்நாடுகளில் வில்லோ மரத்தில் சாறு உறிஞ்சும் இடியோசெரஸ் என்ற தத்துப்பூச்சியும் இவற்றுக்குப் பங்காளிதான். அகன்ற தலை, ஆப்பு வடிவ உடல், பக்கவாட்டில் நகரும் நடை எல்லாம் அப்படியே.

பலரும் உருவத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அட்கின்சோனி பெரியது, கிளைபியாலிஸ் சிறியது என்பது உண்மையே. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே அளவில் இருப்பதில்லை. தனியாக ஒன்று கையில் கிடைத்தால் பெரிதா சிறிதா என்று எதை வைத்துச் சொல்வது? நிறமும் கைகொடுக்காது. தோலுரித்துப் புதிதாக வந்தது வெளிறித்தான் இருக்கும், புள்ளிகூடத் தெளியாது.

நம்பத் தகுந்தது, தலைக்குப் பின்னால் இறக்கைகள் தொடங்கும் இடத்தில் உள்ள முக்கோணத் தகடு. அதிகாலையில், பூச்சி மந்தமாக இருக்கும்போது, பூங்கொத்தின் மேல் பாலித்தீன் பையை மாட்டி, வாயைப் பிடித்துக்கொண்டு உலுக்குங்கள். பையைச் சிறிது நேரம் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி அசையாது. பிறகு 10 மடங்கு லென்ஸில் முதுகுப் பக்கம் பாருங்கள். தகட்டில் மூன்று புள்ளி, கருத்த உடல், இறக்கையில் அலை அலையான கோடுகள் என்றால் நிவியோஸ்பார்சஸ். இரண்டு புள்ளி என்றால் தலை உச்சியைப் பாருங்கள்: அங்கும் கரும்புள்ளி இருந்தால் கிளைபியாலிஸ், இல்லாமல் உடலும் பெரிதாக இருந்தால் அட்கின்சோனி. குஞ்சுகளில் இந்தக் கணக்கு செல்லாது. சந்தேகம் தீராவிட்டால் ஆண் பூச்சிகளை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். இனப்பெருக்க உறுப்பைப் பார்த்து நிபுணர் முடிவு சொல்வார்.

சேதத்தை வைத்து இனத்தைப் பிரிக்க முடியாது. மூன்றும் பூங்கொத்தை உறிஞ்சிக் கருக வைக்கும்; அவை வெளிவிடும் பிசுபிசுப்பான இனிப்புக் கழிவில் (தேன்கழிவு) கரும்பூசணம் படர்ந்து, தோத்தாபுரி இலையும் செந்தூரா இலையும் ஒன்றுபோலக் கறுத்துவிடும்.

அப்படியானால் இனம் தெரிந்து என்ன லாபம்? மருந்து மாறாது, தெளிக்கும் இடம் மாறும். பூ இல்லாத மாதங்களில் அட்கின்சோனி அடிமரப் பட்டை வெடிப்பில் ஒண்டியிருக்கும். அது மிகுந்த தோப்பில் பூங்கொத்தை மட்டும் நனைத்தால் பாதி வேலைதான். அடிமரமும் நனைய வேண்டும். எதுவானாலும் முதல் தெளிப்பு பூங்கொத்து தலைகாட்டும்போதே முடியட்டும். பூ விரிந்தபின் அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈயும் தேனீயும்தான் முதலில் சாகும், காய்ப்பிடிப்பு குறையும்.