குளிர்கால வறண்ட சருமம்: லோஷனா, பெட்ரோலியம் ஜெல்லியா?

லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். சட்டையில் ஒட்டாது, எளிதாகப் பரவும். ஆனால் அந்த நீர் ஆவியானபின் தங்கும் எண்ணெய்ப் படலம் மெல்லியது. காலையில் பூசினால் மதியமே தோல் மறுபடி இழுப்பது அதனால்தான். யூரியாவோ லாக்டிக் அமிலமோ சேர்ந்த லோஷன் வெடிப்பில் பட்டால் எரியும்.

பெட்ரோலியம் ஜெல்லியில் நீரே கிடையாது. அது ஈரத்தைத் தராது, இருப்பதைப் பூட்டி வைக்கும். காய்ந்த தோலில் பூசிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, 3 நிமிடத்துக்குள் பூச வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். முடி வளரும் திசையிலேயே நீவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துக் கொப்புளம் கிளம்பும்.

கை, கால், குதிகாலுக்கு இரவில் ஜெல்லிதான், சந்தேகமே இல்லை. பரு வரும் முகத்துக்கும் ரோமம் அடர்ந்த மார்புக்கும் வாசனையற்ற லோஷன். ஒரு எச்சரிக்கை: ஜெல்லி ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும், அடுப்பருகே கவனம்.