கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் குளுக்கோமீட்டர்: என் பயன்பாட்டு அனுபவம்

கர்ப்பகால நீரிழிவு உறுதியான நாளிலிருந்து பிரசவம் முடிந்த பிறகும் சில வாரங்கள் வரை, விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தினேன். ஏழாவது மாதத்துக்குப் பிறகு அது எனக்கு எந்த அளவுக்குக் கைகொடுத்தது, எதை அதனால் சொல்ல முடியாது என்பதை இதே நிலையில் இருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

கருவியை நம்பலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை நம் கையிலேயே இருக்கிறது. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்திப் பார்த்தால், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து அளவு கூடித் தெரியும். ஈரம் துடைக்காத விரலில் இரத்தம் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியக்கூடும். விரல் நுனியின் நடுவில் குத்துவதைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலி நன்றாகவே குறைகிறது. இரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பை (பரிசோதனைப் பட்டையை) எடுத்த உடனே அதன் டப்பாவை இறுக மூடிவிட வேண்டும், ஏனெனில் காற்றின் ஈரப்பதமே ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். இவ்வளவும் செய்தாலும் வீட்டுக் கருவி ஆய்வகத்துக்கு இணையாகாது. 100-க்கு மேற்பட்ட அளவுகளில் (இங்கே சொல்லும் எல்லா அளவுகளும் mg/dL-இல்) 15 சதவீதம் வரை கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுவதை இந்தக் கருவிகளுக்கான தரநிலையே அனுமதிக்கிறது. ஆகவே ஒருநாள் 118, மறுநாள் 123 என்று வந்தால் அந்த வித்தியாசத்துக்காகக் கலங்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதே பயன் தரும்.

எனக்குச் சொல்லப்பட்ட இலக்குகள், பரவலாகப் பின்பற்றப்படுபவைதான்: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்ட 1 மணி நேரத்தில் 140-க்குக் கீழ், 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ். சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு, சொன்ன பேச்சைக் கேட்டது. காலை வேளையில் இன்சுலினின் வேலை மந்தமாக இருப்பதால் அப்போது மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினேன். சாப்பிட்டதும் கால் மணி நேரம் மெதுவாக நடந்தேன். நடக்கும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், அதன் பலன் அடுத்த அளவீட்டிலேயே கண்கூடாகத் தெரிந்தது.

வெறும் வயிற்று அளவு அப்படி இல்லை. இரவு உணவை எப்படி மாற்றினாலும் காலையில் 98, 102 என்றே நின்றது. ‘என்னம்மா, ராத்திரி என்ன சாப்பிட்டே?’ என்று வீட்டில் அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. உண்மையில் இரவு முழுவதும் கல்லீரல் சர்க்கரையை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. நஞ்சுக்கொடி வளர வளர அந்தத் தடையும் வளர்கிறது. தாயின் நாக்கைக் குற்றம் சொல்லி இதைச் சரிசெய்துவிட முடியாது. பட்டினி கிடந்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் உடலில் சேர்வது மட்டும்தான் மிச்சம். தேதி வாரியாக எழுதி வைத்திருந்த அளவுகளைப் பார்த்த மருத்துவர், உணவில் மேலும் கை வைக்காமல் படுக்கும் முன் போடும் இன்சுலினைத் தொடங்கினார். குளுக்கோமீட்டர் எனக்குச் செய்த ஆகப்பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்: எது என் முயற்சிக்கு உட்பட்டது, எது மருந்துக்கு உரியது என்பதை அது பிரித்துக் காட்டியது.

வயிற்றில் ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாதே என்ற பயம் எனக்கும் இருந்தது. 4 மில்லிமீட்டர் ஊசி தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு வரைதான் செல்லும். இன்சுலினும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் குறிப்பிடத்தக்க அளவில் போவதில்லை. எட்டாவது மாதத்தில் தொப்புளைச் சுற்றித் தோல் இறுகிவிட்டதால் விலாப்பக்கமாக இடம் மாற்றி மாற்றிப் போட்டேன். இன்சுலின் போடும் பேனா வடிவக் கருவியின் பொத்தானை முழுவதும் அழுத்திய பிறகு பத்து வரை எண்ணி, அப்புறம்தான் ஊசியை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஊசி முனையில் ஒரு சொட்டு மருந்து நிற்பதைக் காணலாம்; அந்தச் சொட்டு உடலுக்குள் போயிருக்க வேண்டியது. கை நடுங்கி வியர்த்தால் உடனே அளந்து, 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளக்கச் சொல்லியிருந்தார்கள்.

கருவியால் சொல்ல முடியாதவையும் உண்டு. குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு அதிகமாக வளர்கிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அசைவு குறைகிறதா என்பதைத் தாய்தான் கவனிக்க வேண்டும். அசைவு குறைந்ததாகத் தோன்றினால், அளவுகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கடைசி வாரங்களில் இன்சுலின் தேவை திடீரென்று வெகுவாகக் குறைந்தாலும், சர்க்கரை கட்டுப்பட்டுவிட்டது என்று மகிழாமல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

நஞ்சுக்கொடி வெளிவந்ததுமே எனக்கு இன்சுலின் நிறுத்தப்பட்டது. குழந்தையின் குதிகாலில் குத்தி அதன் சர்க்கரையைப் பார்த்தார்கள். தாயிடமிருந்து வந்த சர்க்கரைக்கு ஏற்பக் குழந்தை தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பழகியிருக்கும் என்பதால், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை இறங்கக்கூடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பிரசவமான 4 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருப்பது சிரமம்தான், இருந்தாலும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எனக்கு அளவுகள் இயல்பாக வந்தன. பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு எங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் என்பதால், 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.