14,750 ரூபாய் போச்சு: குக்கர் வெடித்தால் பழைய வால்வைக் கையை விட்டு விடாதீர்கள்

கண்ணாடி அடுப்பு 8,900, சிம்னி 3,600, குக்கர் 2,250. மொத்தம் 14,750 ரூபாய். போன மாதம் துவரம்பருப்பு வேகும்போது குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு மேலே போனது. "எங்கள் பொறுப்பு இல்லை" என்று இன்று காலை கம்பெனியிலிருந்து பதில்.

பருப்பு நுரை ஏறி வெயிட் குழாய் அடைத்துக்கொண்டால், சேஃப்டி வால்வின் நடுவில் இருக்கும் உலோகப் பொட்டு சூட்டில் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். இதில் பொட்டு உருகவே இல்லை, வெடித்த பிறகும் பளபளவென்று முழுசாக இருந்தது. அந்த வால்வு, குக்கரை விற்ற பாத்திரக் கடைக்காரரே எட்டு மாதம் முன்பு 60 ரூபாய்க்கு மாற்றிப் போட்டது. பில் தரவில்லை.

"சார், அப்படியே குடுத்துட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பிப் புதுசு வாங்கித் தர்றேன்" என்றார். நம்பிக் கொடுத்தாயிற்று. ஜாப் ஷீட்டில் (பழுதான பொருளை வாங்கிக்கொண்டு எழுதும் தாள்) கையெழுத்தும் போட்டாயிற்று. 'வாடிக்கையாளர் வெளி உதிரிபாகம் பயன்படுத்தியுள்ளார்' என்று பொடி எழுத்து ஆங்கிலத்தில் அதில் இருந்தது. அப்புறம் சர்வீஸ் சென்டர் "கடையில கேளுங்க" என்றது, கடை "கம்பெனி முடிவு சார்" என்றது. பழைய வால்வைக் கேட்டால் "ஸ்கிராப்ல போட்டாச்சு." 14,750 ரூபாய்க்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்!

இவர்கள் பிடித்துத் தொங்குவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 87. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ பொறுப்பில்லை என்கிறது அது. ஆனால் அந்த வரி விற்பனையாளரைப் பற்றியது. தயாரிப்பாளரும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார். மாற்றியது விற்பனையாளரே என்றால், அந்த மாற்றமே விபத்துக்கு முக்கியக் காரணம் என்றால், பிரிவு 86 அவரையே பொறுப்பாக்குகிறது. இந்த விஷயத்தில் அதற்கு வேண்டியது அந்த 60 ரூபாய் பில். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து, எச்சரிக்க வேண்டியதில்லை என்பது அடுத்த வாதம். ஆவி சுடும் என்பதற்கு அது சரி, வால்வு உருகாது என்பது யாருக்குத் தெரியும்?

இன்னொன்று: பொருளின் குறையால் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்கும் 'பொருள் பொறுப்பு' வழக்கில் 'தீங்கு' என்பதில் வெடித்த பொருளின் விலை சேராது. அடுப்பும் சிம்னியும் 12,500 அதில் வரும். குக்கரின் 2,250-ஐக் குறைபாடுள்ள பொருள் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அவசரமாகச் சில. வெடித்ததைக் கழுவாதீர்கள், அப்படியே போட்டோ எடுங்கள். வால்வு, கேஸ்கட், வெயிட் மூன்றையும் கழற்றிக் கவரில் போட்டு வையுங்கள். சோதனை தேவையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, கெடு 2 வருடம். 60 ரூபாய் பாகத்துக்கும் பில் கேளுங்கள். ஜாப் ஷீட்டில் 'மேற்கண்ட காரணத்தை ஏற்கவில்லை' என்று தமிழிலேயே எழுதிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.